வெள்ளிக்கிழமை முள்

அந்தச் சந்தில், குப்பைத்தொட்டிக்குள் விழுந்த எதற்கும் உரியவர் என்று ஒருவர் கிடையாது. இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை; புதிதாகக் குடிவந்தவர்களிடம் எவரும் எடுத்துச் சொன்னதுமில்லை. ஆயினும், கச்சேரி சாலையிலிருந்து பிரிந்து, பதினெட்டு வீடுகளைக் கடந்து, ஒரு மதிற்சுவரில் முட்டி நின்றுவிடும் அந்த மயிலாப்பூர்ச் சந்தில் இதைப்போல் தவறாமல் காக்கப்பட்ட விதி வேறொன்று இல்லை.

எந்த வீட்டிலிருந்து என்ன வெளியேறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதுவிலக்கு மறுபடியும் வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், ஒன்பதாம் எண் டாக்டர் வீட்டுச் சாக்குப்பை தொட்டிக்குள் விழும்போது கண்ணாடி கண்ணாடியோடு மோதும் ஒலி கேட்டது. மூன்றாம் எண்ணில் குடியிருந்த ஜோசியர் தமக்குக் கைகொடுக்காத லாட்டரிச் சீட்டுகளை மிகப் பொடியாகக் கிழித்துப் போட்டார். பதினோராம் எண்ணில் பெண் பார்க்க வந்துபோன ஒவ்வொரு ஞாயிறுக்கும் மறுநாள், கட்டு அவிழாத மல்லிகைச் சரம் ஒன்று தொட்டியின் விளிம்பில் கிடந்தது. பார்த்தவர்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவ்வாண்டுத் தை மாதத்தில் கார்ப்பரேஷனிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். குப்பையைக் காலை ஏழு மணிக்குள் தொட்டியில் சேர்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லும் சாம்பலும் தனியே வைக்கப்பட வேண்டும். தொட்டிக்கு வெளியே சிந்தலாகாது. சந்து அதைப் படித்துவிட்டுச் சிறிது சிரித்துக்கொண்டது. தரம் பிரிப்பதை யாரும் அதற்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்காரர் வைத்துவிட்டுப்போன பானைக்குப் போயின. தேங்காய் மட்டையும் சிரட்டையும் வெந்நீர் அடுப்புக்கு. அதன் சாம்பல் பாத்திரம் துலக்க. பத்திரிகையும் தகர டின்னும் மாதம் ஒருமுறை தராசோடு வரும் பழைய பேப்பர்காரருக்கு. இவ்வளவும் போக எஞ்சியதுதான் தொட்டிக்கு வந்தது. எவருக்கும் வேண்டாதது அது. தம்முடையது என்று எவரும் சொல்லிக்கொள்ள விரும்பாததும் அதுவே.

பதினான்காம் எண் வீட்டின் பின்கட்டில் குடியிருந்த ஃப்ளோரன்ஸ் இந்த விதியை மற்றெல்லோரையும்விட நுணுக்கமாக அறிந்திருந்தாள். சாந்தோமில் ஒரு பள்ளியில் அவள் ஆசிரியை. கணவன் லியோனார்டுக்கு அச்சகம் ஒன்றில் பிழைதிருத்தும் வேலை. வீட்டுக்காரர் சிதம்பரநாதன் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தவர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு கேட்டு வந்தபோது அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் முற்றுப்பெறாத வாக்கியம்:

"நாங்க சைவம். உங்க சாப்பாட்டுல நான் தலையிட மாட்டேன். ஆனா நாலு பேரு பாக்க..."

அவர் முடிக்காமல் விட்ட இடத்தில்தான் ஃப்ளோரன்ஸும் லியோனார்டும் நான்கு ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் மீன். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வெள்ளி சுத்தபோசன நாள். இறைச்சி விலக்கப்பட்ட அன்று மீனுக்குத் தடையில்லை. விந்தை என்னவென்றால், வாசல் கழுவி, நிலைக்கு மஞ்சள் பூசி, கபாலி கோயிலுக்குக் கிளம்பும் முன்கட்டுக்கும் அதே வெள்ளிதான் தூய நாள். ஃப்ளோரன்ஸ் மீனைப் பொரிப்பதில்லை. சன்னலைச் சாத்திவிட்டுக் குழம்பு மட்டுமே வைப்பாள். குழம்பு கொதிக்கத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக முன்கட்டில் வீட்டுக்காரரின் மனைவி தங்கபுஷ்பம் சாம்பிராணி போடுவாள். இதைப்பற்றி இரு பெண்களும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவர்களுடைய நட்பின் ஆழம் அந்தச் சாம்பிராணியில் இருந்தது.

முள்தான் சிக்கல். வெள்ளி மாலைதோறும் சாந்தோம் கோயிலில் ஜெபம் உண்டு; ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அது சிலுவைப்பாதை. ஃப்ளோரன்ஸ் முள்பொட்டலத்தைக் கைப்பைக்குள், ஜெபப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவாள். கோயிலைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்தருகே இருந்த தொட்டியில் போடுவாள். அங்கே அது தன் இனத்தோடு சேர்ந்துவிடும். பொட்டலம் கட்டும் தாளைப்பற்றியும் அவள் யோசித்திருந்தாள். கோயிலில் கொடுக்கும் பங்குத் திருமடலில் புனிதர்களின் படம் இருக்கும், அதில் முள்ளைக் கட்ட மனம் வராது; தேர்வுத்தாளில் பிள்ளைகளின் பெயர் இருக்கும். ஆகவே தங்கபுஷ்பம் அலமாரிக்கு விரிக்கக் கொடுக்கும் பழைய செய்தித்தாள்தான் பாதுகாப்பானது. அதில் உலகத்தின் செய்தி இருந்ததே தவிர அவளுடைய செய்தி எதுவும் இல்லை. பேப்பர் போடுகிறவர் முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் வீட்டு எண்ணைக் குறித்திருப்பார் என்பதால், மேல்தாளைத் தனியே எடுத்துவிட்டு உள்தாளில்தான் கட்டுவாள்.

பங்குனி மாதத்து இரண்டாவது வெள்ளியன்று லியோனார்டுக்குக் கடுங்காய்ச்சல். சிலுவைப்பாதைக்குப் போக முடியவில்லை. மறுநாள் விடியலில், அவனுக்குக் கஞ்சி காய்ச்சும் அவசரத்தில், கைக்குக் கிடைத்த தாளில் முள்ளைச் சுற்றி, சந்துமுனைத் தொட்டியிலேயே போட்டு, மேலே ஒரு வாழையிலையை இழுத்து மூடிவிட்டு வந்தாள். தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த சுப்பம்மா அப்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுப்பம்மா அந்தச் சந்தைக் கார்ப்பரேஷனின் தினக்கூலியாக எட்டு ஆண்டுகளாகப் பெருக்குபவள். முகம் திருப்பிக்கொள்வது அவளுடைய வேலையில் பெரும்பகுதி.

ஒரு மணி நேரம் கழித்து முன்வாசலில் குரல் கேட்டு ஃப்ளோரன்ஸ் வெளியே வந்தாள். நாயோ காக்கையோ தன் வேலையைச் செய்திருந்தது. தங்கபுஷ்பத்தின் கோலத்தின் நடுவே ஒரு முழுநீள நடுமுள், சிறு தலை, பக்கத்தில் ஒரு கிழிந்த தாள். தாளின் மூலையில், பென்சிலால், பதினான்கு.

சிதம்பரநாதன் குளித்துத் திருநீறு பூசிய நெற்றியோடு அதன்முன் நின்றிருந்தார். நான்கைந்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் தாளைப் பார்க்கவில்லை, எல்லோரும் படித்துவிட்டார்கள்.

"சுப்பம்மா, இங்க வா" என்றார். "இது எங்க வீட்டுப் பேப்பருதானே?"

சுப்பம்மா குனிந்து பார்த்தாள். "ஒங்க வூட்டுதுதான் சாமி. நம்பரு கீதே."

"உனக்கு இட்லி மடிச்சுத் தாரதுக்கு எங்க வீட்டம்மா இந்தப் பேப்பரைத்தானே எடுப்பா?"

"ஆமா சாமி."

"அப்போ இந்த முள்ளு?"

"முள்ளு மீனோடது சாமி."

டாக்டர் வீட்டு வாசலில் யாரோ சிரிப்பை இருமி மறைத்தார்கள். சிதம்பரநாதனின் காதுமடல் சிவந்தது.

"நக்கலா பண்ணுதே? என் வீட்டுல இட்லி வாங்கித் தின்னுட்டு, என் வாசல்லயே மீனைத் தின்னு முள்ளைப் போட்டிருக்கே. அதுவும் என் நம்பரு போட்ட பேப்பருல. பாக்குதவன் என்ன நினைப்பான், சிதம்பரநாதன் வீட்டுல மீன் வாசம்னுதானே?"

சுப்பம்மா துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு கணம் அவள் பார்வை ஃப்ளோரன்ஸின் மேல் பட்டு, படாததுபோல் நகர்ந்தது. நிலைப்படியில் நின்ற தங்கபுஷ்பத்தின் பார்வையும் அவ்வாறே பட்டு நகர்ந்தது. ஃப்ளோரன்ஸ் கையில் கஞ்சித் தம்ளரோடு நின்றாள். வாயைத் திறந்தால் வரவேண்டியது மூன்றே சொற்கள். அவை வரவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை பத்து நிமிடத்தில் வந்தது. சிதம்பரநாதன் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவுமாகப் பின்கட்டுக்கு வந்து நின்றார். வரி அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் அவருடைய மனுக்களை எழுதித் தருவது அவள்தான்.

"டீச்சரம்மா, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு புகார். நான் சொல்லுதேன், எழுதுங்க."

அவருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? பின்னாளில் எத்தனையோ முறை யோசித்தும் ஃப்ளோரன்ஸால் அதைத் தீர்மானிக்க முடியவில்லை. தெரிந்திருந்தால், அவளைக் கொண்டே எழுதச் செய்தது, பழியை அவள்மேலிருந்து விலக்க அவர் காட்டிய சலுகை. அந்தச் சலுகை ஒரு தண்டனையைவிடக் கொடுமையானது. அவள் எழுதினாள். பெருக்கும் பணியாளர் என்று எழுதி நிறுத்தியபோது, "பேரைப் போடுங்க, ஆளு மாறிரக் கூடாது" என்றார். அவள் பெயரையும் எழுதினாள்.

ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குருவானவர் பொறுமையாகக் கேட்டு, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் நெஞ்சு இலேசாகவில்லை. அதுவும் மூடியிட்ட ஒரு பெட்டிதான் என்று அவளுக்குப் பட்டது. அங்கே விழுவதற்கும் பெயர் கிடையாது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில், சந்துமுனையில் சுப்பம்மாவின் கைவண்டி அருகே நின்றாள்.

"சுப்பம்மா, ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"இன்னா சொல்வாங்கோ டீச்சரம்மா. சனிக்கெழம இன்ஸ்பெக்டரு வந்து விசாரிக்கிறாராம். சித்திரை பொறந்தா என்னை பர்மனென்ட் பண்றதா லிஸ்ட்ல பேரு போட்டுகீறாங்கோ. புகாரு நெசம்னு எழுதிட்டா லிஸ்ட்லேர்ந்து பேரை அடிச்சுடுவாங்கோ. எட்டு வருசம்." அவள் வண்டியின் கைப்பிடியைத் துடைத்தாள். "பர்மனென்ட் ஆனா லீவு குடுப்பாங்கோ தெரியுமா? ஒடம்பு சரியில்லன்னா வூட்ல படுத்துக்கினு இருக்கலாம். அதான் ஆசை."

"நீ ஏன் அன்னைக்கு வாயைத் திறக்கலை?"

சுப்பம்மா சிரித்தாள். "நல்லா கேட்டே போ. இந்தத் தெருவுல எந்த வூட்டுல இன்னா கீதுன்னு எனக்கு அத்துப்படி. ஒரு வூட்டை நான் சொல்லிட்டேன்னு வெய்யி, மீதி பதினேழு வூட்டுக்காரங்களும் என்னைப் பாத்தா பயந்துக்குவாங்கோ. பயந்துக்கினவங்கோ சும்மா வுடுவாங்களா? அப்பாலே நான் இந்தத் தெருவுல தொடப்பம் எடுக்க முடியாது. போ, ஒனக்கு பெல் அடிச்சுடப் போறான்."

பேச்சு முழுவதிலும் மீன் என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை என்பது பள்ளி வாசலை எட்டிய பிறகே ஃப்ளோரன்ஸுக்கு உறைத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லியோனார்டிடம் சொன்னாள். காய்ச்சல் விட்ட களைப்பில் அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ராஜா அண்ணாமலைபுரத்துல வீடு கேட்டப்போ அந்தம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றான். "பேரைக் கேட்டதும், 'உள்ள வாங்க'ன்னு சொன்ன வாயாலயே 'வீடு முடிஞ்சு போச்சே'ன்னாங்க. அடையாறுல மூணு வீடு. சைதாப்பேட்டையில கோர்ட்டுக்குப் பின்னாடி ஒண்ணு. நாலு மாசம் அலைஞ்சோம் ஃப்ளோரன்ஸ்."

"ஞாபகம் இருக்கு."

"சொன்னா நம்மளைக் காலி பண்ணச் சொல்வாரு."

"சொல்லலாம்."

"சுப்பம்மாவுக்கு வேற தெரு குடுப்பாங்க."

"இல்லைங்க. பேரை அடிச்சுடுவாங்க. அந்தப் பேரை எழுதினது நான்."

லியோனார்ட் பிழை திருத்துபவனுக்குரிய கவனத்தோடு இலையிலிருந்த ஒரு மிளகை ஓரத்துக்கு ஒதுக்கினான். பிறகு, "வர்ற வெள்ளிக்கிழமை மீன் வேண்டாம்" என்றான்.

"வேணும்" என்றாள் அவள்.

வெள்ளியன்று சங்கரா மீன் வாங்கினாள். வழக்கம்போல் சன்னலைச் சாத்திக் குழம்பு வைத்தாள். வழக்கம்போல் முன்கட்டிலிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. ஒரு வாரமாகத் தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் புகை மட்டும் நேரம் தவறவில்லை. அன்று மாலை சிலுவைப்பாதைக்குப் போனபோது ஃப்ளோரன்ஸின் கைப்பையில் ஜெபப்புத்தகம் மட்டுமே இருந்தது.

சனிக்கிழமை ஆறரை மணிக்கே இன்ஸ்பெக்டர் அய்யாதுரை சைக்கிளில் வந்துவிட்டார். காக்கிக் கால்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு இன்னும் ஆறு தெருவுக்குப் போகவேண்டியவரின் களைப்பு. தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சைக்கிள் சீட்டின்மேல் படிவத்தை விரித்தார். பால் வாங்க வந்தவர்களும் கோலம் போட வந்தவர்களும் தத்தம் வேலையை மெதுவாகச் செய்யத் தொடங்கினார்கள். சிதம்பரநாதன் புகாரின் நகலோடு நின்றார். சுப்பம்மா சுத்தமாகத் துவைத்த சேலை கட்டி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகட்டி நின்றாள்.

"ஏம்மா, முள் உன்னுதா?" என்று கேட்டார் அய்யாதுரை.

"இல்ல சார்."

"அப்ப யாருது?"

"எனக்கு இன்னா சார் தெரியும். தொட்டில கெடக்குறதை வாருறேன்."

அய்யாதுரை பெருமூச்சு விட்டார். சுற்றி நின்றவர்களை நோக்கி, "இங்க பாருங்க" என்றார். "எந்த வீட்டுக் கழிவுன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ். அதோட முடிஞ்சுது. தெரியலைன்னா, ஐயா குடுத்த புகார்ல ஒரு பேர் இருக்கு, எனக்கு அதுதான் கணக்கு. யாருக்காவது தெரியுமா?"

டாக்டர் தம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். ஜோசியர் வானத்தைப் பார்த்தார். பதினோராம் எண் வீட்டுப் பெண்மணி பால் செம்பின் மூடியை எடுத்து மறுபடி மூடினாள். ஒரு வீட்டின் பெயர் வெளியே வந்துவிட்டால் அடுத்த வீட்டின் பெயர் வர எவ்வளவு நேரமாகும் என்பதை அவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். அய்யாதுரை பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பின்கட்டுச் சமையலறையில் ஃப்ளோரன்ஸ் தட்டை எடுத்தாள். அது வீட்டிலேயே பெரிய எவர்சில்வர் தட்டு. திருமணத்துக்கு வந்தது, பெயர் பொறித்தது. அதில் முந்திய நாளின் முள் முழுவதும் இருந்தது.

"பேப்பர் இல்லையா?" என்றான் லியோனார்ட்.

"வேண்டாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தான்.

பின்கட்டுக்காரர்கள் போய்வரும் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து, வாசல் கோலத்தைச் சுற்றிக் கடந்து, தெருவின் நடுவில் அவள் நடந்தாள். தட்டை இடுப்பளவில் இரு கைகளாலும் ஏந்தியிருந்தாள். இரண்டு நடுமுள்கள், இரண்டு தலைகள், செதிலின் சிவப்பு இன்னும் மங்காத ஒரு வால். மதிலின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தெரு முழுவதும் தட்டைத் தவிர வேறெங்கோ பார்க்க முயன்று தோற்றது.

"டீச்சரம்மா" என்றார் சிதம்பரநாதன். குரலில் கோபமில்லை, ஒரு வகை மன்றாட்டு இருந்தது. "என்னது இது? உள்ள கொண்டு போங்க."

"நேத்து நாங்க சாப்பிட்ட மீனோட முள்ளு ஐயா."

"வெள்ளிக்கிழமையிலயா?"

"வெள்ளிக்கிழமையிலதான் ஐயா. எங்களுக்கு அன்னைக்குச் சுத்தபோசனம். கறி ஆகாது."

அவள் அய்யாதுரையின் பக்கம் திரும்பினாள்.

"போன சனிக்கிழமை ஐயா வீட்டுக் கோலத்துல கிடந்ததும் எங்க வீட்டு முள்ளுதான் சார். அந்தப் பேப்பர் முன்கட்டு அக்கா எனக்குக் குடுத்தது. பொட்டலம் கட்டினது நான், தொட்டியில போட்டது நான். உங்க கையில இருக்கிற புகாரை எழுதினதும் நான்தான், கையெழுத்தைப் பாருங்க. சுப்பம்மா பேரை அடிச்சுட்டு எழுதிக்குங்க. பதினாலு, பின்கட்டு, ஃப்ளோரன்ஸ் லியோனார்ட்."

"போதும் டீச்சரம்மா" என்றாள் சுப்பம்மா, மெதுவாக, தரையைப் பார்த்தபடி.

நிலைப்படியில் தங்கபுஷ்பம் வந்து நின்றாள். "ஆமா, நான்தான் பேப்பரு குடுத்தேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

அய்யாதுரை புகாரைப் படிவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பெயரின்மேல் கோடு இழுத்தார். இன்னொரு பெயரை எழுதினார். பிறகு ஏந்திய தட்டையும் அதன்மேல் குறிவைத்திருந்த காக்கையையும் பார்த்துவிட்டு, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு ஆக அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார். "போடுறதுன்னா போட்டுடுங்கம்மா."

ஃப்ளோரன்ஸ் தொட்டியின் விளிம்பில் தட்டைச் சாய்த்தாள். தாளும் இலையும் இல்லாமல், பதினெட்டு வீடுகளும் பார்க்க, முள் விழுந்தது. "எங்க வீட்டுது" என்றாள் மறுபடியும், இந்த முறை தெருவைப் பார்த்து.